அலாரம் தானா அடிக்குதுன்னா ஃபியூஸ புடுங்காதீங்க, முதல்ல சீட்டுக்கு அடியில ஈரம் இருக்கானு பாருங்க (போர்ஷே பாக்ஸ்டர் 986)

நீங்க கேட்டத முதல்ல சுருக்கமா எழுதிடறேன், வேற யாராச்சும் படிச்சாலும் புரியணும்ல. 2001 மாடல் பாக்ஸ்டர் எஸ், செகண்ட் ஹேண்ட்ல வாங்கினது, நியூயார்க் குவீன்ஸ்ல தெருவோரம் மரத்தடியிலதான் நிக்குது. ரிமோட்ல லாக் பண்ணா ஒரு தடவ "பீப்"னு ஹார்ன் சத்தம். சில ராத்திரி ரெண்டு மணி மூணு மணிக்கு அலாரம் தானா அடிக்குது, பக்கத்து வீட்டுக்காரங்க வந்து கதவ தட்டிட்டாங்க. நாலஞ்சு நாள் எடுக்கலைனா பேட்டரியும் படுத்துடுது. ஒரு மெக்கானிக் அலாரம் மாட்யூல் (அலாரத்த கட்டுப்படுத்தற எலெக்ட்ரானிக் யூனிட்) போச்சு, புதுசு போட்டு கோடிங் பண்ணணும்னு பெரிய தொகை சொல்றார். இன்னொருத்தர் ஃபியூஸ புடுங்கி விட்டுடுங்க, கார் அலாரத்த யாரு மதிக்கறாங்கறார். இதுல எத கேக்கறதுன்னு கேட்டிருக்கீங்க.

இப்போதைக்கு ரெண்டுமே வேண்டாம். மாட்யூல் போயிருக்க வாய்ப்பே இல்லைனு நான் சொல்ல வரல, ஆனா நீங்க சொல்ற அறிகுறிகள வச்சு பாத்தா அலாரம் யூனிட் தன் வேலைய ஒழுங்காத்தான் பாத்துக்கிட்டிருக்கு, அதுக்கு தகவல் கொடுக்கற சின்ன சின்ன சுவிட்ச்ல ஏதோ ஒண்ணுதான் மூடி இருக்கறத தொறந்திருக்குனு தப்பா சொல்லுது. வாட்ச்மேன் ராத்திரி விசில் அடிக்கறார்னு அவர வேலைய விட்டு அனுப்பறதுக்கு முன்னாடி எந்த கதவு தொறந்து கிடக்குனு போய் பாக்கணும்ல, அதத்தான் இங்கயும் செய்யணும்.

ஃபியூஸ் விஷயத்த முதல்ல முடிச்சிடறேன். 986லயும் (உங்க பாக்ஸ்டரோட மாடல் நம்பர்) சரி, அதே காலத்து 911 ஆன 996லயும் சரி, அலாரத்துக்குனு தனி டப்பா கிடையாது. உங்களோடது மாதிரி லெஃப்ட் ஹேண்ட் டிரைவ் வண்டில டிரைவர் சீட்டுக்கு அடியில கார்பெட்டோட ஒட்டி ஒரு கண்ட்ரோல் யூனிட் இருக்கு, அலாரம், சென்ட்ரல் லாக்கிங், சாவிக்குள்ள இருக்கற சிப்ப படிச்சு இன்ஜின ஸ்டார்ட் ஆக விடற இம்மொபிலைசர், உள்பக்க லைட்டு எல்லாம் அந்த ஒரே யூனிட்டுக்குள்ளதான். ஐரோப்பால 1998 அக்டோபர்ல இருந்து புது கார் எல்லாத்துக்கும் இம்மொபிலைசர் கட்டாயம்னு ஆச்சு, அந்த நேரத்துல வந்த டிசைன் இது, அதனால திருட்டு சம்பந்தமான எல்லாத்தையும் ஒண்ணா பின்னி வச்சிருக்காங்க. இந்த யூனிட்டுக்கு கரண்ட்ட நிறுத்தினா அலாரம் மட்டும் போகாது, ரிமோட் போயிடும், கதவு பூட்டறது தொல்லையாகும், வண்டி ஸ்டார்ட்டே ஆகாமலும் போகலாம். இதோட, தனக்குள்ளயே சின்ன பேட்டரி வச்சிருக்கற சைரன் உங்க வண்டில இருந்துச்சுன்னா, யாரோ ஒயர வெட்டிட்டாங்கனு நெனச்சு அது இன்னும் பலமா கத்தும், ஏன்னா அதோட வேலையே அதுதான்.

இப்ப நீங்க இன்னைக்கே செய்ய வேண்டிய ஒண்ணு, மத்தது எல்லாம் நாளைக்கு இருக்கட்டும். டிரைவர் சீட்ட முன்னாடி தள்ளி, பின்பக்கமா கைய விட்டு கார்பெட்ட அமுக்கி பாருங்க. மேல தொட்டு பாத்தா காஞ்ச மாதிரிதான் இருக்கும், அத நம்பாதீங்க, அந்த கார்பெட்டுக்கு கீழ தடிமனா ஃபோம் இருக்கு, அது லிட்டர் கணக்குல தண்ணி குடிச்சு வச்சுக்கும். நாலா மடிச்ச டிஷ்யூ பேப்பர வச்சு முழங்கையால நல்லா அழுத்துங்க, பேப்பர் நனைஞ்சு வந்துச்சுன்னா அங்கயே நிறுத்திடுங்க. சாவிய போடாதீங்க, இக்னிஷன ஆன் பண்ணி செக் பண்ணி பாக்கலாம்னு தோணும், பண்ணாதீங்க. பானெட்ட தொறந்து பேட்டரியோட மைனஸ் டெர்மினல கழட்டுங்க. தண்ணில நனைஞ்ச எலெக்ட்ரானிக்ஸ் கரண்ட் இல்லாம இருந்தா காய வச்சு மீட்டுடறதுக்கு நல்ல வாய்ப்பு இருக்கு, கரண்ட்டோட நனைஞ்சா போர்டுல இருக்கற செம்பு கோடு களிம்பு பிடிச்சு அரிச்சு போயிடும். ஒரு தடவ சாவிய திருப்பி பாக்கலாம்னு திருப்பினதுலயே நல்லா இருந்த யூனிட் பாழாகறது இந்த வண்டிகள்ல அடிக்கடி நடக்கறது.

தண்ணி எப்படி உள்ள வருதுன்னா, துணி கூரைல விழற மழை பின் ஓரங்கள்ல இறங்கி, ரெண்டு பக்கமும் இருக்கற வடிகால் துளை வழியா குழாய்ல போய் வண்டிக்கு அடியில கொட்டணும். மரத்தடி பார்க்கிங்னா இலையும் சருகும் மகரந்தமும் அந்த துளைல போய் அடைச்சுக்கும், தண்ணிக்கு வழி இல்லாம உள்ள நிரம்பி கடைசில ஃப்ளோருக்கு வந்துடும், ஃப்ளோர்ல பள்ளமான இடத்துலதான் இந்த யூனிட் உக்காந்திருக்கு. இவ்வளவு அழகா ஒரு வண்டிய டிசைன் பண்ணவங்க இந்த யூனிட்ட ஒரு சாண் மேல வச்சிருக்கலாம்னு எனக்கு உண்மையிலேயே ஆதங்கம் உண்டு. முன்னாடி பேட்டரி இருக்கற பள்ளத்துலயும் இதே மாதிரி வடிகால் இருக்கு, அதையும் விட்டுடாதீங்க. கூரைய பாதி தொறந்து நிறுத்தினா பின் மூலைல துளை தெரியும். புல் வெட்டற மெஷின்ல போடற நைலான் கயிறு இருக்குல்ல, அத மெதுவா உள்ள விட்டு குடைஞ்சு எடுங்க. கம்ப்ரஸர் காத்த மேல இருந்து அடிக்காதீங்க, கீழ குழாய் ஜாயிண்ட் கழண்டுக்கும், அப்புறம் மொத்த தண்ணியும் வண்டிக்குள்ளதான். துளைய சுத்தம் பண்ணினதும் ஒரு டம்ளர் தண்ணிய மெதுவா ஊத்தி, பின் வீல் பக்கம் தரைல சொட்டுதானு பாருங்க, ரெண்டு பக்கமும்.

சரி, கார்பெட் காஞ்சுதான் இருக்குன்னு வச்சுக்குவோம், அப்ப அந்த பீப்புக்கு வருவோம். இந்த வண்டில சாதாரணமா லாக் பண்ணா ஹார்ன் அடிக்கவே அடிக்காது, இண்டிகேட்டர் மட்டும் மின்னும். ஒரு பீப் வருதுன்னா, நான் எல்லாத்தையும் சுத்தி பாத்தேன், ஏதோ ஒரு இடம் மூடாம இருக்கு, அத விட்டுட்டு மத்தத காவல் காக்கறேன்னு அர்த்தம். அதாவது பீப்புங்கறது கோளாறு இல்ல, அது ஒரு ரிப்போர்ட். ரெண்டு பீப் வந்தா கதை வேற, அது அலாரம் சிஸ்டத்துக்குள்ளயே கோளாறுங்கறத குறிக்கும், அப்ப முதல்ல சந்தேகப்பட வேண்டியது வயசான சைரனத்தான். உங்களுக்கு வர்றது ஒண்ணுதான்னு எழுதியிருக்கீங்க, ஆனாலும் ஜன்னல திறந்து வச்சு வண்டிக்கு பக்கத்துல நின்னு நல்லா கேளுங்க.

இங்க ஒரு முக்கியமான விஷயம் இருக்கு, நிறைய பேர் இத குழப்பிக்கறாங்க. லாக் பண்ணும்போது பீப் வர வைக்கற சுவிட்சும், ராத்திரி அலாரம் அடிக்க வைக்கற சுவிட்சும் ஒரே ஆளா இருந்தாலும், நடக்கறது ரெண்டு வேற சம்பவம். லாக் பண்ற நேரத்துலயே தொறந்ததா காட்டற சுவிட்ச அலாரம் கணக்குல எடுக்காம விட்டுடும், பீப் அடிச்சுட்டு அமைதியா இருக்கும். ராத்திரி அடிக்கணும்னா லாக் பண்ணும்போது ஒழுங்கா மூடினதா காட்டி, அப்புறம் குளிர்ல இரும்பும் பிளாஸ்டிக்கும் சுருங்கி, இல்ல பஸ்ஸு லாரி போற அதிர்வுல, ஒரு விநாடி தொறந்ததா காட்டணும். அதனால எந்த நாள்ல பீப் வந்துச்சு, எந்த நாள்ல வரல, எந்த ராத்திரி அடிச்சுதுன்னு ஒரு பேப்பர்ல குறிச்சு வைங்க. பீப் வராத நாள்லதான் ராத்திரி கத்துதுன்னா, தேய்ஞ்சு போன ஒரே ஒரு சுவிட்ச் விளிம்புல நின்னு ஆடிக்கிட்டிருக்குனு கிட்டத்தட்ட முடிவே பண்ணிடலாம்.

எந்த சுவிட்ச்னு கண்டுபிடிக்கறதுக்கு ஸ்கேனர் (வண்டில சொருகி கோளாற படிக்கற கருவி) இல்லாமலே பாதி தூரம் போயிடலாம். நான் முதல்ல கை வைக்கறது ரெண்டு சீட்டுக்கும் நடுவுல இருக்கற சின்ன பெட்டியோட மூடிலதான். சில்லறை, டோல் ரசீது எல்லாம் போட்டு வைப்போமே அதுதான், அந்த மூடிக்கும் அலாரத்துல ஒரு மைக்ரோ சுவிட்ச் இருக்குங்கறது வண்டி வச்சிருக்கற பல பேருக்கே தெரியாது. மூடியோட கொக்கி தேய்ஞ்சோ, உள்ள பொருள் திணிச்சு மூடி ஒரு மில்லிமீட்டர் தூக்கிக்கிட்டோ இருந்தா போதும், பீப் வந்துடும். பெட்டிய காலி பண்ணிட்டு, வீட்ல யாராச்சும் உள்ள உக்காந்து அந்த மூடிய கீழ அமுக்கி பிடிக்க, நீங்க வெளிய இருந்து லாக் பண்ணுங்க. பீப் போயிடுச்சா, ஆள கண்டுபிடிச்சாச்சு. நீங்க சொல்ற வரைக்கும் உள்ள இருக்கறவங்க அசையாம இருக்கணும், உங்க வண்டில உள்பக்க அசைவு சென்சார் இருந்தா அது அவங்கள பாத்து கத்தும்.

அதுல இல்லைனா முன்னாடி பானெட்டும் பின்னாடி டிக்கியும். இந்த ரெண்டுக்கும் லாட்ச்சுக்குள்ள (மூடிய பிடிச்சு பூட்டற கொக்கி அமைப்பு) சுவிட்ச் இருக்கு, உள்ள ஒரு லைட்டும் இருக்கு. மூடினப்புறம் லைட்டு அணையுதானு பாக்க எளிய வழி, ஃபோன்ல வீடியோ ஓட விட்டு உள்ள வச்சுட்டு மூடுங்க, ஒரு நிமிஷம் கழிச்சு எடுத்து பாருங்க. லைட்டு எரிஞ்சுக்கிட்டே இருந்தா அந்த லாட்ச் சுவிட்ச்தான் குற்றவாளி, உங்க பேட்டரி ஏன் படுக்குதுன்னும் சேத்து விடை கெடைச்சுடும். 5 வாட் பல்புன்னு வச்சாலும் 0.4 ஆம்பியர், ஒரு நாளைக்கு 10 ஆம்பியர் அவர் போகும், 70 ஆம்பியர் அவர் பேட்டரி ஏழு நாள்ல காலி, பழைய பேட்டரினா அதுக்கும் முன்னாடியே. சில சமயம் சுவிட்ச் நல்லாத்தான் இருக்கும், லாட்ச்ல கிரீஸ் காஞ்சு கெட்டியாகி கொக்கி முழுசா திரும்பாது. லாட்ச்ச நல்லா க்ளீனர் அடிச்சு கழுவி, புது கிரீஸ் கொஞ்சமா போட்டு, மூடியோட உயரத்த நிர்ணயிக்கற ரப்பர் கட்டைய அரை சுத்து சரி பண்ணினாலே தீந்துடற கேஸ் உண்டு, அதனால சுவிட்ச் வாங்கறதுக்கு முன்னாடி இத பண்ணுங்க.

கதவு கொஞ்சம் பெரிய வேலை. பாக்ஸ்டர் கதவுல சட்டம் கிடையாது, கண்ணாடி நேரா கூரைல போய் சொருகிக்கும், அதனால ஹேண்டில தூக்கினதும் கண்ணாடி ஒரு 10 மில்லிமீட்டர் கீழ இறங்கும், கதவு மூடினதும் மேல ஏறும். இத செய்ய வைக்கறது கதவு லாக்குக்குள்ள இருக்கற மைக்ரோ சுவிட்ச்சுங்க, ஹேண்டிலுக்கு ஒண்ணு, கதவு மூடி இருக்கானு பாக்க ஒண்ணு, சாவி திருப்பறதுக்கு ஒண்ணுன்னு பல சுவிட்ச் அந்த ஒரே பூட்டுக்குள்ள இருக்கு. ரெண்டு கதவையும் தனித்தனியா சோதிச்சு பாருங்க: தொறந்தா உள் லைட்டு வருதா, மூடினா கொஞ்ச நேரத்துல மங்கி அணையுதா, கண்ணாடி இறங்கி ஏறுதா. ஒரு கதவுல மட்டும் இதுல ஏதாச்சும் சொதப்புச்சுன்னா அந்த பூட்டுதான். சுவிட்ச்ச மட்டும் தனியா கழட்டி சால்டர் பண்ணி மாத்தறவங்க இருக்காங்க, கை பழக்கம் இருந்தா செய்யலாம், ஆனா கதவு பேனல், ஏர்பேக், உள்ள ஒட்டி இருக்கற தண்ணி தடுப்பு ஷீட் எல்லாத்தையும் ஒரு தடவ பிரிச்சு மூடணும், அவ்வளவு தூரம் போனப்புறம் பூட்டையே புதுசா போடறதுதான் என் அபிப்பிராயம். ஒரு சுவிட்ச் தேய்ஞ்ச பூட்டுல மத்த சுவிட்சும் அதே வயசுதானே.

ஸ்டீரியோ மாத்தினேன்னு நடுவுல ஒரு வரி எழுதியிருந்தீங்க, அத ஒரு ஓரமா எழுதிட்டீங்க, ஆனா எனக்கு அது பெருசா பட்டுச்சு. இந்த வண்டில ரேடியோவ யாராச்சும் புடுங்கினா அலாரம் அடிக்கணும்னு ரேடியோவுக்கு ஒரு ஒயர் போகுது, ஒரிஜினல் ரேடியோ இருக்கும்போது அந்த ஒயர் ரேடியோ வழியா எர்த் ஆகி இருக்கும். புது டச் ஸ்க்ரீன் ஸ்டீரியோ போடறவங்க அது என்ன ஒயர்னு தெரியாம டேப் சுத்தி விட்டுடுவாங்க, உடனே அலாரத்துக்கு ரேடியோ திருட்டு போன மாதிரிதான். பீப் ஆரம்பிச்சது ஸ்டீரியோ மாத்தினதுக்கு அப்புறமா முன்னாடியானு யோசிச்சு பாருங்க. அப்புறம்தான்னா ஸ்டீரியோவ வெளிய இழுத்து, வயரிங் படத்தோட ஒப்பிட்டு, அந்த ஒயர எர்த்தோட உறுதியா சேத்து விட்டா வேலை முடிஞ்சுது. சும்மா முறுக்கி விட்டா அதிர்வுல விட்டு விட்டு தொடும், அதுவே ராத்திரி அலாரத்துக்கு காரணமாயிடும், அதனால சால்டர் பண்ணுங்க இல்ல நல்ல கனெக்டர் போடுங்க.

இன்னொரு பொருள், இக்னிஷன் சுவிட்சோட பின்பக்க மின்சார பாகம். இது தேய்ஞ்சா சாவிய எடுத்தப்புறமும் சாவி உள்ள இருக்கறதாவே வண்டி நெனச்சுக்கும், கதவ தொறந்தா கிர்ருனு சத்தம், ரிமோட்ல லாக் ஆகாது, சில எலெக்ட்ரிக்கல் அணையாம பேட்டரிய குடிக்கும். உங்களுக்கு ரிமோட் வேலை செய்யுதுங்கறதால இது சந்தேக வரிசைல கடைசிதான், ஆனா வந்துச்சுன்னா தெரிஞ்சு வச்சுக்குங்க, அதே பாகத்த ஆடி வண்டிக்கு 4ஏ0 905 849 பி ங்கற நம்பர்ல விக்கறாங்க, போர்ஷே பெட்டில முழு அசெம்ப்ளியா வாங்கறத விட எவ்வளவோ மலிவு.

பேட்டரிய பத்தி. வோல்ட் குறைஞ்சா இந்த யூனிட் தடுமாறும், அலாரம் தானா அடிக்கறதுக்கு பலவீனமான பேட்டரி மட்டுமே கூட போதும், அதனால சுவிட்ச் தேடறதுக்கு முன்னாடியோ கூடவோ பேட்டரிய முழுசா சார்ஜ் பண்ணி வைங்க. வண்டி சில மணி நேரம் ஓய்வா இருந்தப்புறம் மல்டிமீட்டர்ல 12.6 வோல்ட் பக்கம் காட்டணும், 12.2க்கு கீழன்னா பாதி காலி. அப்புறம் தூங்கும்போது எவ்வளவு கரண்ட் இழுக்குதுன்னு பாக்கணும். மைனஸ் ஒயர்ல மீட்டர தொடர்ல போட்டு, பானெட் லாட்ச்ச ஒரு ஸ்க்ரூடிரைவரால மூடின நிலைக்கு தள்ளி வச்சு, வண்டிய லாக் பண்ணிட்டு அரை மணி நேரம் காத்திருங்க. 50 மில்லி ஆம்பியருக்குள்ள இறங்கினா நல்லது, ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர் அவர்தான், பேட்டரி வாரக் கணக்குல தாங்கும். அதுக்கு மேல நின்னா ஏதோ முழிச்சுக்கிட்டிருக்கு. சோதனை முடிஞ்சதும் லாட்ச்ச மறுபடி விடுவிச்சுட்டுதான் பானெட்ட இறக்கணும், மறந்து அடிச்சா கொக்கி வளைஞ்சுடும். பேட்டரிய கழட்டி வச்சுட்டு பானெட்ட மூடறதும் ஆபத்து, லீவர் கேபிள்ல இழுக்கற வண்டினா பரவால்ல, எலெக்ட்ரிக்ல தொறக்கற வண்டினா தொறக்க கரண்ட் இருக்காது. அப்படி மாட்டிக்கிட்டா டிரைவர் பக்க ஃபியூஸ் பெட்டில வெளிய இழுக்கற சிவப்பு ப்ளஸ் முனை இருக்கானு பாருங்க, அதுல ப்ளஸ்ஸும், கதவு கொக்கி மாட்டற இரும்புல மைனஸும் கொடுத்து பானெட்ட தொறக்கலாம். கரண்ட் குடுத்த உடனே அலாரம் கத்தும், பயப்படாம ரிமோட்ல அன்லாக் அழுத்துங்க.

சைரன் இருக்கற இடம் பானெட்டுக்குள்ள பேட்டரி பக்கம், பிளாஸ்டிக் மூடிக்கு அடியில. உள்ள நிக்கல் பேட்டரி இருக்கற வகைனா அதுக்கு இப்ப இருபது வயசு தாண்டியாச்சு, பேட்டரி ஒழுகி போர்ட அரிச்சிருக்க நிறைய வாய்ப்பு. இப்படி ஆனா எந்த சுவிட்சும் தொறக்காமலே சைரன் தன்னால கத்தும், விட்டு விட்டு ஈனமா முனகும். பிரிச்சு பேட்டரி மாத்தறத விட முழு சைரனையே மாத்தறது மேல், ஏன்னா ஒட்டி சீல் பண்ணினத பிரிச்சா மறுபடி தண்ணி புகும். கழட்டும்போது வண்டி அன்லாக் ஆகி அலாரம் அணைஞ்ச நிலைலதான் கழட்டணும், காதுக்கு அடைப்பும் வச்சுக்குங்க.

இவ்வளவும் பாத்து ஒண்ணும் கெடைக்கலைனா அப்பதான் ஸ்கேனர். கடைல கெடைக்கற சாதாரண ஓபிடி ரீடர் (மலிவான ஸ்கேனர்) இன்ஜின் கோளாறு கோடு நம்பர மட்டும்தான் படிக்கும், அலாரம் யூனிட்டோட பேசாது. போர்ஷேக்குனு இருக்கற டியூராமெட்ரிக் மாதிரி ஒண்ணோ, டீலர் கிட்ட இருக்கற பிவிஸ்ஸோ வேணும். பழைய போர்ஷே பாக்கற தனி கடைல போய், "கோடு படிச்சு குடுங்க"னு மட்டும் கேக்காதீங்க, "அலாரம் யூனிட்ல ஒவ்வொரு சுவிட்ச் இன்புட்டும் தொறந்திருக்கா மூடியிருக்கானு லைவ்ல காட்டுங்க"னு கேளுங்க. நீங்க கதவையும் மூடியையும் ஒவ்வொண்ணா தொறந்து மூட, எது மாறலையோ அதுதான். கால் மணி நேர வேலை, மாட்யூல் போச்சுன்னு முடிவு சொல்றதுக்கு முன்னாடி உங்க மெக்கானிக் இத பண்ணாரானு தாராளமா கேட்டுடுங்க.

ஒருவேளை சீட்டுக்கு அடியில ஈரம் இருந்து யூனிட்டே நனைஞ்சிருந்துச்சுன்னா, பேட்டரி கழட்டின நிலைலயே சீட்ட எடுத்துடுங்க. சீட்டு ஒயர் கழண்டிருக்கும்போது இக்னிஷன போட்டுடாதீங்க, ஏர்பேக் லைட்டு வந்து உக்காந்துக்கும், அத அணைக்க ஸ்கேனர் வேணும். யூனிட்ட வெளிய எடுத்து தொறந்து, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால்ல மெல்லிய பிரஷ் வச்சு கழுவி, நல்லா காய விட்டு, லென்ஸ் வச்சு பாருங்க. களிம்பு இல்லாம செம்பு கோடு எல்லாம் முழுசா இருந்தா மறுபடி மாட்டி பாக்கலாம். பச்சை பூத்திருந்தா மெயில்ல அனுப்பி ரிப்பேர் பண்ற ஆளுங்க கிட்ட குடுங்க, அவங்க பழைய யூனிட்ல இருக்கற சாவி விவரங்கள அப்படியே இன்னொரு யூனிட்டுக்கு மாத்தி தருவாங்க, அப்ப உங்க சாவி, இன்ஜின் கம்ப்யூட்டர் எதையும் மறுபடி கோடிங் பண்ண வேண்டியதில்ல. டீலர் வழியா புதுசு போடறதுன்னா வின் நம்பருக்கு (வண்டியோட அடையாள எண்) உரிய கோடு எல்லாம் வரவழைச்சு சாவிய திரும்ப பதியணும், உங்க மெக்கானிக் சொன்ன பெரிய தொகைல கணிசமான பங்கு அதுக்குத்தான். எந்த இணையக் கடைலயாவது பழைய யூனிட் மலிவா கெடைக்குதேனு வாங்கி சொருகாதீங்க, அதுக்கு உங்க சாவிய தெரியாது, வண்டி ஸ்டார்ட் ஆகாது. மறுபடி மாட்டும்போது யூனிட்ட ஃப்ளோர்ல இருந்து கொஞ்சம் உயர்த்தி கட்டுங்க, நிறைய பேர் இத பண்ணி வச்சிருக்காங்க. கார்பெட்ட தூக்கி ஃபோம முழுசா காய வைக்காம மூடினா அந்த ஈரமே மறுபடி யூனிட்ட தின்னும், டிஹியூமிடிஃபையர் (காத்துல இருக்கற ஈரத்த உறிஞ்சற மெஷின்) போட்டாலும் பொறுமையா விடணும்.

அது வரைக்கும் ராத்திரி தூக்கத்துக்கு என்ன பண்றதுன்னா, நியூயார்க் நகர சட்டப்படி கார் அலாரம் 3 நிமிஷத்துக்குள்ள தானா நிக்கணும், நிக்காம கத்தினா போலீஸ் வண்டிய இழுத்துட்டு போகவும் அதிகாரம் உண்டு, அதனால இத தள்ளி போடாதீங்க. தற்காலிகமா ஒரு வழி, வண்டிக்குள்ள ஒரு காகிதம் கூட இல்லாம காலி பண்ணிட்டு லாக் பண்ணாம விடறது. லாக் பண்ணலைனா அலாரம் காவலுக்கு போகாது, ஆனா சாவிய எடுத்ததுமே இம்மொபிலைசர் வேலை செய்ய ஆரம்பிச்சுடும், சாவி இல்லாம வண்டிய ஸ்டார்ட் பண்ணி ஓட்டிட்டு போக முடியாது. குவீன்ஸ் தெருவுல இத மாசக்கணக்குல பண்ண சொல்ல மாட்டேன், ரெண்டு மூணு ராத்திரிக்கு சரி, முடிஞ்சா அந்த நாளுக்கு ஒரு கராஜ் வாடகைக்கு எடுங்க. உங்க இன்சூரன்ஸ்ல அலாரத்துக்குனு தள்ளுபடி இருந்தா பாலிசிய ஒரு தடவ படிச்சும் பாத்துக்குங்க. உள்பக்க அசைவு சென்சார் இருக்கற வண்டியா இருந்தா, லாக் பட்டன ரெண்டு விநாடிக்குள்ள ரெண்டு தடவ அழுத்தி லாக் பண்ணி பாருங்க, அந்த சென்சார் மட்டும் அணைஞ்சு மத்தது காவல்ல இருக்கும். அப்படி பண்ண ராத்திரில அலாரம் அடிக்கலைனா துணி கூரை காத்துல படபடக்கறதத்தான் சென்சார் ஆளுன்னு நெனச்சிருக்கு, சுவிட்ச் எதையும் கழட்ட வேண்டியதே இல்ல.

பக்கத்து வீட்டுக்காரங்க கிட்ட போய், என்ன கோளாறு, எப்ப சரி பண்றேன்னு நேர்ல சொல்லிட்டு உங்க ஃபோன் நம்பர குடுத்துட்டு வாங்க. கார்பெட் டெஸ்ட்டும், நடு பெட்டி மூடியும், ஸ்டீரியோ எப்ப மாத்தினீங்கங்கற தேதியும் பாத்துட்டு எழுதுங்க, அத வச்சு அடுத்து எந்த பேனல பிரிக்கணும்னு சொல்றேன்.